முயல் கொட்டகையின் மணிப்பூட்டு

ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் லேப் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் பேச்சு முயலுக்குப் போய்விடும். முயலுக்குப் போனால் அடுத்தது கறிதான். திண்டுக்கல்லில் எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். செத்த முயல்களை என்ன செய்கிறீர்கள் என்பார்கள். எரித்துவிடுகிறோம் என்றால் நம்ப மாட்டார்கள். எங்கள் தெருவில் எனக்கு முயல் டாக்டர் என்று பெயர் விழுந்து, என் சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிடும் போல ஆகிவிட்டது. முதலில் கோபம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஆரம்பித்து அறுபதுகளில் சில வருடங்கள் வரை அந்த வேலை நடந்தது. அதை ஆரம்பித்தவர் ஒரு டாக்டரம்மா. நாகர்கோவில் பக்கத்துக்காரர், சீமையில் படித்துவிட்டு வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிள்ளைகள் வார்டு அவருடைய பொறுப்பில் இருந்தது. மூளைக்காய்ச்சல் கண்டு வரும் பிள்ளைகள் பென்சிலின் வருவதற்கு முன்பு அநேகமாக வந்த வழியே திரும்பியதில்லை. பென்சிலின் வந்த பிறகு பிழைத்தார்கள். ஆனால் பிழைத்த பிள்ளைகளில் சிலர் வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் தாயோடு திரும்பி வருவார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்று தாய் சொல்வாள். டாக்டரம்மா பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்ப்பார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மருந்து கிருமியைக் கொன்றுவிடுகிறது, ஆனால் உள்ளே வீக்கம் நிற்கிறது, அடுப்பை அணைத்த பிறகும் புகை நிற்பது போல என்று எனக்கு ஒருநாள் விளக்கினார். அந்த வீக்கத்தைக் குறைக்கக் கார்டிசோன் என்றொரு மருந்து இருந்தது. மூட்டு வீக்கத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் அதைக் கொடுத்துப் பழகியிருந்தார்கள். பென்சிலினோடு அதையும் சேர்த்துப் போட்டால் காது தப்புமா என்பதுதான் அவருடைய கேள்வி. அதைப் பிள்ளைகளிடம் கேட்க முடியாது, முயல்களிடம் கேட்போம் என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கும் கல்லைத் தாண்டி, பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதற்குச் சிமெண்டுத் தரை போட்டு, கம்பி வலைக் கூண்டுகள் வைத்து முயல் கொட்டகை ஆக்கினோம். முயல்களைக் கொண்டுவருபவர் பேகம்பூர் பாய் ஒருவர். அவர் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம், முயல் வளர்ப்பு அவருடைய சொந்தப் பித்து. சைக்கிளுக்குப் பின்னால் கூடை கட்டி, வெள்ளை முயல்களை மாப்பிள்ளை அழைப்பு போலக் கொண்டுவருவார். செத்த முயலின் தோலையாவது கொடுக்கக் கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். கிருமி என்பேன். தோல் ஊறப்போடும் தொட்டியில் தாங்கள் பார்க்காத கிருமியா என்று சிரித்துவிட்டுப் போவார்.

வேலை இதுதான். ஈதர் நனைத்த பஞ்சைக் காட்டி முயலை மயக்குவோம். பிடரியில், மண்டை கழுத்தோடு சேரும் இடத்தில், மயிரைச் சிரைப்பேன். தலையை நான் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா அந்த இடத்தில் ஊசி போட்டுக் கிருமியை உள்ளே விடுவார். கிருமியை ஆட்டு ரத்தம் சேர்த்த தட்டுகளில் வளர்ப்பதும் நான்தான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் முயல் தலையை முதுகுப் பக்கமாக வளைத்துக்கொண்டு கிடக்கும். கல்யாண முருங்கை இலையை மூக்கில் தொட்டுக் காட்டினாலும் வாயைத் திறக்காது. அப்புறம் பென்சிலின் ஆரம்பிப்போம். சிலவற்றுக்குப் பென்சிலின் மட்டும், சிலவற்றுக்கு அதற்கு மறுநாளிலிருந்து கார்டிசோனும் சேர்த்து. கார்டிசோன் போட்ட முயலின் காதில் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் ஒரு பொட்டு வைப்பேன்.

முயல் சத்தம் போடாத பிராணி, அது கஷ்டப்படுவது கண்ணில்தான் தெரியும். ஆகவே கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எந்த நாளில் விட்டேன் என்று எனக்குத் தெரியாது. செத்ததை எடுத்து எரிகுழியில் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவேன். சாப்பாடு இறங்கும். அதை நான் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கமாகவும் சொல்லவில்லை.

பிழைத்த முயலுக்குக் காது கேட்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டரம்மா கையைத் தட்டிப் பார்த்தார், கரண்டியால் தட்டைத் தட்டிப் பார்த்தார். இரண்டு நாளில் முயல்களுக்கு அது பழகிவிட்டது. நீங்கள் தட்டுங்கள், நாங்கள் தூங்குகிறோம் என்று உட்கார்ந்திருந்தன. அதற்கு வழி கிடைத்தது எங்கள் வீட்டுப் பூட்டினால்.

எங்கள் வீட்டு மர அலமாரியில் ஒரு மணிப்பூட்டு தொங்கியது. சாவியை ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் பூட்டுக்குள்ளேயே மணி அடிக்கும். திருடன் கை வைத்தால் வீட்டுக்காரனுக்குக் கேட்கட்டும் என்று எங்கள் ஊர்ப் பூட்டுக்காரர்கள் செய்தது. எங்கள் அலமாரியில் திருடுவதற்கு ஒன்றுமில்லை. என் மனைவி அதில் கருப்பட்டியும் முறுக்கும் வைத்திருப்பாள். அந்த மணி கேட்டு வருகிற ஒரே ஆள் எங்கள் மகள். தவழ ஆரம்பித்த நாளிலிருந்து, வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு வந்து அலமாரி முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை.

கொட்டகையில் இரண்டு முயல்கள் காணாமல் போய், யார் வீட்டிலோ குழம்பு ஆகிவிட்டன. உடனே பூட்டுப் போட வேண்டும் என்றார்கள். நான் வீட்டு மணிப்பூட்டைக் கழற்றிக்கொண்டுபோய் மாட்டினேன். வீட்டுக்குச் சாதாரணப் பூட்டு ஒன்று வாங்கி வந்தேன். என் மனைவி ஒரு வாரம் முணுமுணுத்தாள். பாப்பா பூட்டைத் தேடுகிறாள் என்றாள். பூட்டைத் தேடவில்லை, முறுக்கைத் தேடுகிறாள் என்று நான் சொன்னேன்.

கொட்டகையில் மணிப்பூட்டைத் திறந்தால் தீனி வரும் என்பதை முயல்கள் சீக்கிரமே படித்துக்கொண்டன. நான் வெளியே சாவியைச் சுற்றும்போதே உள்ளே காதுகள் எல்லாம் நிமிர்ந்து கதவுப் பக்கம் திரும்பிவிடும். டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கேட்கிறதா என்று முயலிடமே கேட்க ஒரு வழி வந்துவிட்டது. நான் வெளியே சாவியைச் சுற்றுவேன், அவர் உள்ளே நின்று எந்தக் காது நிமிர்கிறது என்று பார்ப்பார். மாதக்கணக்கில் பார்த்தோம். ஊதாப் பொட்டு வைத்த காதுகள் அநேகமாக எல்லாமே நிமிர்ந்தன. பொட்டில்லாதவை பல சும்மா இருந்தன. டாக்டரம்மா எனக்குத் தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஊதாப் பொட்டு முயல் ஒன்றுக்குக் காலில் புண் வந்தது. மற்றவை மிதிக்கும் என்று அதைத் தனியாக, ஊசிக்கு மயக்கம் கொடுக்கும் ஈதர் அறையில் ஒரு பெட்டியில் வைத்தேன். மறுநாள் தீனியோடு போனபோது கையில் பூட்டும் இருந்தது. பழக்க தோஷத்தில் சாவியைச் சுற்றிக்கொண்டே நுழைந்தேன். முயல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காது அசையவில்லை. மறுபடி சுற்றினேன், அதன் பிடரிக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றினேன். ஒன்றுமில்லை. பெட்டியைக் கையால் தட்டியதும் துள்ளித் திரும்பியது. கூண்டில் இருந்தபோது தினம் தினம் காதை நிமிர்த்திய முயல் அது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவாருங்கள் என்றார். அன்று முழுக்க அதுதான் வேலை. காரணம் கடைசியில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. கார்டிசோன் முயல்களுக்கு அதிக ஊசி என்பதால் கைக்கு வசதியாக வாசல் பக்கம், இன்னும் கிருமி போடாத, நோயில்லாத முயல்களுக்கு நேர் எதிரே வைத்திருந்தோம். மற்றவற்றை உள்ளே பலகைத் தடுப்புக்குப் பின்னால் வைத்திருந்தோம். மணி அடித்ததும் நோயில்லாதவை காதை நிமிர்த்தும். அதைக் கண்ணால் பார்த்து எதிரில் இருக்கும் செவிட்டு முயலும் நிமிர்த்தும். பலகைக்குப் பின்னால் இருந்தவற்றுக்குப் பார்த்துச் செய்ய ஆள் இல்லை. தனியாக வைத்து மணி அடித்தபோது, பொட்டு வைத்ததிலும் சிலவற்றுக்குக் கேட்டது, சிலவற்றுக்குக் கேட்கவில்லை. பொட்டில்லாததிலும் அப்படியே.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. அதுவரை எழுதியதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். இனிமேல் ஒவ்வொரு முயலையும் தனியாக வைக்க வேண்டும். சுவரைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். அது பசியோடு இருக்க வேண்டும். மணி அடிப்பவன் சாக்குத் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும், செருப்புப் போடக் கூடாது, ஏனென்றால் தரையின் அதிர்வு முயலின் காலுக்குத் தெரியும். கூட்டத்தில் இருக்கிற பிராணியின் காதை நம்பாதீர்கள் என்றார். அதற்குப் பிறகு நான் நம்பியதில்லை. எல்லாம் கை பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் நோயில் விழுந்தாள். வெயில் காலம். சளி, காதில் சீழ், காய்ச்சல் என்று ஆரம்பித்தது. மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது, பிள்ளைக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது, தைலம் தேய்த்திருக்கிறேன் என்று மனைவி சொன்னாள். பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தேன். தலை முதுகுப் பக்கமாக வளைந்திருந்தது. எனக்கு ஒரு பார்வை போதும். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மனைவி பின்னால் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

டாக்டரம்மா முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார். கழுநீர் மாதிரிக் கலங்கலாக வந்தது. அதைக் கண்ணாடியில் தடவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டியவன் நான்தான். வேறு ஆள் இல்லை. பார்த்தேன். இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, நான் ஆட்டு ரத்தத் தட்டில் வளர்க்கும் அதே கிருமி. டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார். அவராகவே, இது ஊரில் எத்தனையோ பேர் தொண்டையில் சும்மா இருக்கிற கிருமி, நீங்கள் கொண்டுபோனது என்று நினைக்காதீர்கள் என்றார். அவர் சொல்லும் வரை நான் அப்படி நினைக்கவில்லை.

வார்டு வராந்தாவில் இருந்த என் மனைவிக்கு அந்தப் பேச்சு கேட்டிருக்க வேண்டும். நான் வெளியே வந்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கை கழுவிட்டுத்தான வீட்டுக்கு வருவீங்க?"

"கழுவிட்டுத்தான் வருவேன்."

பிறகு அவள் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

பென்சிலின் உடனே ஆரம்பித்தார்கள். கார்டிசோனைப் பற்றி டாக்டரம்மா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் என்னை லேப்புக்குள் கூப்பிட்டார். அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. முயல்ல நமக்கு இதுக்குப் பதில் கிடைக்கல. மருந்தால கெடுதல் வந்ததா நான் பாக்கல. காது தப்பிச்சதாவும் சொல்ல முடியல. உங்க பொண்ணுக்குப் போடவா?"

வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் உங்கள் இஷ்டம் டாக்டரம்மா என்று சொல்லிக் கும்பிட்டிருப்பான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நமக்கு எதுவும் தெரியாது என்பது அந்த ஊரில் தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன். ஊதாப் பொட்டுக் காதுகள் வரிசையாக நிமிர்ந்த காலமாக இருந்தால் யோசிக்காமல் தலையாட்டியிருப்பேன். போடுங்க டாக்டரம்மா என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் காரணம் இல்லை. சும்மா இருப்பதைவிட ஏதாவது செய்வது சுலபமாக இருந்தது. மனைவியிடம், இன்னொரு ஊசியும் சேர்த்துப் போடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளை பிழைத்தாள். கழுத்து இளகியது, கண் திறந்தாள், கஞ்சி குடித்தாள். என் மனைவி வார்டில் இருந்த அத்தனை பேரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னிடம், உடம்பு தேறியதும் ஒருநாள் தனியாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள், காதைப் பார்க்க வேண்டும் என்றார். தனியாக என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். சரி என்றேன்.

நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. வீட்டில் பேச்சை எடுத்தபோது மனைவி, பிள்ளையைக் குத்தியதெல்லாம் போதாதா என்றாள். நான் வற்புறுத்தவில்லை. டாக்டரம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். வெயில் குறையட்டும் என்றேன். எங்கள் ஊரில் வெயில் எப்போது குறைந்தது?

நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் வீட்டுக்கும் மாதா கோயிலுக்கும் கூப்பிடு தூரம். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் திரிகால செபத்துக்கு மணி அடிக்கும். அடித்ததும் குழாயடியில் நிற்பவர்கள்கூடக் குடத்தை இறக்கிவிட்டு நிற்பார்கள், சிலுவை போட்டுக்கொள்வார்கள். நடக்கப் பழகும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அதுதான். என் மகளும் பழகியிருந்தாள். காய்ச்சலுக்குப் பிறகும் மணி அடித்தால் அவள் கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, இரண்டு தோளையும் தொட்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருவே சமாதானம் ஆனது. பிள்ளைக்குக் காதும் நன்றாக இருக்கிறது, புத்தியும் நன்றாக இருக்கிறது, மாதா காப்பாற்றிவிட்டாள் என்று பெண்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மூளைக்காய்ச்சல் வந்தால் காது போகும் என்று ஊருக்கும் தெரியும். மணிக்குச் சிலுவை போடுகிற பிள்ளைக்குக் காது போயிருக்கும் என்று எங்கள் தெருவில் யார் நினைப்பார்கள்?

நான் நினைத்தேன். மணி அடிக்கும்போது அவளைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தது. அநேகமாக என் மனைவியே எதிரில் நிற்பாள். அதைக் கண் பார்த்தது, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளை பேச்சைக் குறைத்திருந்தாள். பேசினால் கத்திப் பேசினாள். உடம்பில் தெம்பில்லை, அதனால் அடம் என்றாள் மனைவி. ஒருநாள் முயல்காரப் பாய் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு பிள்ளையைப் பார்க்க வந்தார். வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடினாள். மாமா மேலே கோபம் போல என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

எனக்குப் பட்டது. ஒரு சனிக்கிழமை கொட்டகைக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டு மணிப்பூட்டைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் பூசைக்குப் போய் வந்த பிறகு மனைவி தண்ணீருக்குப் போனாள். அந்த வருடம் குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் பக்கத்துத் தெருக் கிணறு. வர நேரமாகும் என்று எனக்குத் தெரியும். மகள் உள்ளறையில் தனியாக இருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கொட்டாங்கச்சியில் மண்ணை நிரப்பி நிரப்பிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, பசி இருக்கும் என்பதையும் கவனித்தேன். உள்ளறைக்கு ஒரு பழைய சேலைத் திரை தொங்கியது. அதன் பின்னால் நின்றேன். காலில் செருப்பு இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

சாவியைச் சுற்றினேன். மணி அடித்தது.

அவள் மண்ணை நிரப்பினாள். கவிழ்த்தாள். மறுபடி சுற்றினேன். திரையை விலக்கிக்கொண்டு இரண்டு அடி உள்ளே போய்ச் சுற்றினேன். அந்தச் சத்தத்துக்கு வீட்டின் எந்த மூலையிலிருந்தும் ஓடி வந்தவள் அவள். கொட்டாங்கச்சியின் விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. கொட்டகையில் இந்த இடத்தில், கேட்கவில்லை என்று கூண்டின் அட்டையில் ஒரு கோடு போடுவேன். என் கை சட்டைப்பையில் பென்சிலைத் தேடியது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு காலால் தரையை ஓங்கி மிதித்தேன். உடனே திரும்பினாள். என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த பூட்டைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, என்னைத் தாண்டி ஓடி, அலமாரி முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கருப்பட்டியை உடைத்து அவள் கையில் வைத்தேன். நிமிர்ந்தபோது வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கிணற்றில் கூட்டம் என்று பாதிக் குடத்தோடு திரும்பி வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. என் கையில் இருந்த பூட்டைத்தான் பார்த்தாள்.

"கேக்கல," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே தெரியும். மணி அடிக்கும்போதெல்லாம் அடுப்ப அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்து அவ முன்னால நிக்கிறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

நான் பூட்டை அலமாரியின் மேல் வைத்தேன்.

"ஊருக்காக மட்டும் இல்ல. உங்களுக்காகத்தான். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க அவளையும் தனியாக் கொண்டுபோயி, செவுத்தப் பாத்து ஒக்கார வச்சு, பின்னால நின்னு பாப்பீங்கன்னு தெரியும். செத்த நேரம் தண்ணிக்குப் போனேன். வச்சுட்டீங்க."

கொட்டகையில் நடப்பதை எல்லாம் சாப்பிடும்போது நானேதான் அவளிடம் சொல்லியிருந்தேன். முயல் முயலைப் பார்த்துக் காதை நிமிர்த்திய கதையை வேடிக்கைக் கதையாகச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதை அவள் எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பயன்படுத்தியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. தெரிந்துகொள்ள வேண்டாமா, தெரியாமல் எத்தனை நாள் ஓட்டுவது என்று கத்தினேன்.

"தெரிஞ்சிருச்சுல்ல," என்றாள். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

பிள்ளை கருப்பட்டியை நக்கிக்கொண்டே எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அன்று செய்தது தவறு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கேட்கிறதா என்று யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னது சரி. மகளுக்குப் பின்னால் திரை மறைவில் நின்றது தகப்பன் இல்லை, கொட்டகை ஆள்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் முயல் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதைக் கூண்டில் விட்டு, கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். முதல் நாளே சேர்த்துப் போட்டிருந்தால் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பிறகு ஒருநாள், பெயர் இல்லாமல் பிள்ளையின் விவரத்தைத் தன் ஆராய்ச்சியில் குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றேன். நான் வீட்டில் கேட்கவே இல்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து கொட்டகையில் ஒரு வழக்கம் மாறியது. கார்டிசோனை மறுநாளுக்கு வைக்காமல் முதல் பென்சிலின் ஊசியோடு சேர்த்தே போட ஆரம்பித்தோம். அதற்கும் முடிவு தெரிவதற்குள் டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார், கொட்டகை மறுபடி மாட்டுக்குப் போனது. ரொம்ப வருடம் கழித்து, அந்த வகை மருந்தை முதல் ஊசியோடு அல்லது அதற்குச் சற்று முன்பே கொடுத்தால்தான் காதுக்கு நல்லது, பிந்திக் கொடுத்துப் பயனில்லை என்று உலகத்தில் எங்கெங்கோ கண்டுபிடித்ததாக ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தைப் பற்றி.

மனைவி அடுப்படியில் உலை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் நாற்காலியில் இருந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து கொட்டாங்கச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கோயிலில் மணி அடித்தது. அடுப்படியில் பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. அவள் ஓடிவரப் போகிறாள் என்று தெரிந்தது.

நான் கொட்டகை வேலைக்குப் போனதிலிருந்து மணிக்கு எழுந்து நிற்பதை விட்டிருந்தேன். அன்றைக்கு எழுந்தேன். மகளுக்கு எதிரே போய், அவள் முகத்துக்கு நேராக முகம் வரும்படி மண்டி போட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் நெற்றியைத் தொட்டேன். நெஞ்சைத் தொட்டேன். அவள் ஒரு நிமிஷம் ஆச்சரியமாகப் பார்த்தாள், அப்பா இதைச் செய்து அவள் பார்த்ததில்லை. பிறகு மண் ஒட்டிய கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்தாள்.

ஈரக் கையோடு அடுப்படி வாசல் வரை வந்த என் மனைவி அங்கேயே நின்றாள். மணி அடித்து முடியும் வரை நின்றாள். பிறகு உலையைப் பார்க்கத் திரும்பிப் போனாள்.